பாடத்திட்டம் எழுதுத சார்மாருக்கும் மேடம்மாருக்கும்: கொள்கைப் படிப்ப தாமிரபரணிக் கரையில இருந்து ஆரம்பிங்க

வணக்கம்.

பொதுக் கொள்கை, பொது நிர்வாகம்னு பேர் போட்ட பேப்பருக்கெல்லாம் சிலபஸ் எழுதுத போர்டு ஆஃப் ஸ்டடீஸ்ல நீங்க இருக்கீங்க, அந்த சிலபஸப் படிச்சுப் பரீட்சை எழுதுதவ நான். எம்.ஏ. ரெண்டாம் வருசம், ஊரு திருநெல்வேலி ஜில்லாவுல முக்கூடல் பக்கம், வீட்டுல அம்மாவும் ஆச்சியும் பீடி சுத்துதவங்க. தனியா ஒரு மனு எழுதி டிபார்ட்மென்ட்ல குடுத்திருக்கலாம், ஆனா இது எனக்கு மட்டும் வேண்டிய விஷயம் இல்ல, பாளையங்கோட்டையிலயும் பேட்டையிலயும் தென்காசியிலயும் தூத்துக்குடியிலயும் இதே பாடத்தப் படிக்கிற, இனிமே படிக்கப் போற பிள்ளைங்க எல்லாத்துக்கும் உள்ளது, அதான் எல்லாரும் பாக்கத மாதிரி எழுதுதேன்.

நான் கேக்கது ஒண்ணுதான். ஒரு அரசாங்கம் எப்படி முடிவெடுக்கு, அந்த முடிவு ஊருக்குள்ள வந்து சேரும்போது என்னவா ஆகுதுன்னு எங்களுக்குச் சொல்லிக்குடுக்கும்போது, இந்த ஊர வச்சு சொல்லிக்குடுங்க. நாங்க எழுதுததையும் இந்த ஊர்க்காரங்க வாசிக்கிற மாதிரி எழுத விடுங்க.

முதல் செமஸ்டர்ல, அரசாங்கம் எப்படிக் கொள்கை போடுதுன்னு எழுதுன லாஸ்வெல், ஈஸ்டன், லிண்ட்ப்ளாம், கிங்டன்னு வெளிநாட்டு அறிஞர்கள வரிசையா படிச்சோம். இவங்களத் தூக்கிருங்கன்னு நான் சொல்லல, சத்தியமா இல்ல. ஒரு பிரச்சினை, அதுக்கு ஒரு தீர்வு, அதுக்கு ஏத்த அரசியல் நேரம், இந்த மூணும் தனித்தனியா ஓடிட்டே இருக்கும், ஒரு நேரத்துல மூணும் கூடும்போதுதான் ஒரு கொள்கை பிறக்கும்னு கிங்டன் சொன்னத முதல்ல படிச்சப்ப எனக்கு அவ்வளவு பிடிச்சிருந்துச்சு, பஸ்ல வரும்போதெல்லாம் அதையேதான் யோசிச்சிட்டு வந்தேன். ஆனா நோட்ஸ்ல அதுக்கு உதாரணமா இருந்தது அமெரிக்க ஹெல்த் இன்சூரன்ஸ். அங்கன கமிட்டி எப்படி நடக்கும், யாரு யாருகிட்ட ஓட்டு கேப்பாங்கன்னு கிளாஸ்ல யாருக்கும் தெரியாது, அதனால எல்லாரும் மனப்பாடம் பண்ணி எழுதிட்டு வந்துட்டோம்.

அதே இடத்துல எட்டயபுரத்த வச்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. 1956ல காமராஜர் மதிய உணவுத் திட்டத்த ஆரம்பிச்சது அங்கனதான், அன்னைக்கு எட்டயபுரம் திருநெல்வேலி ஜில்லாவுல இருந்துச்சு, தூத்துக்குடி தனியா பிரிஞ்சது 1986லதான். பிள்ளைங்க பசியோட இருக்கதால பள்ளிக்கூடத்துக்கு வரலங்கது பிரச்சினை. தீர்வுன்னு பாத்தா சென்னை மாநகராட்சிப் பள்ளிக்கூடத்துல 1920லயே தியாகராயர் காலத்துல மதியச் சாப்பாடு போட்டுப் பாத்திருக்காங்க, அது சும்மா கிடந்த யோசனை இல்ல, ஒரு தடவ செஞ்சு பாத்த யோசனை. அரசியல் நேரம்னா 1954ல காமராஜர் முதலமைச்சரா வந்தது. மூணும் கூடிருச்சு. அதுக்கப்புறம் 1982ல எம்.ஜி.ஆர் அத சத்துணவா விரிச்சது, 2001 நவம்பர்ல உணவு உரிமை வழக்குல சுப்ரீம் கோர்ட்டு நாடு முழுக்க அரசு தொடக்கப் பள்ளியில சமைச்ச சாப்பாடு போடணும்னு உத்தரவு போட்டது, 2022 செப்டம்பர்ல காலை உணவு வந்தது, இப்படி ஒரு கொள்கை எங்க ஜில்லாவுல இருந்து கிளம்பி டெல்லி வரைக்கும் போய்த் திரும்பவும் எங்க தெருப் பள்ளிக்கூடத்துக்கு வந்து நிக்கு. இத ஒரு யூனிட்டா வச்சா கிங்டனும் புரியும், லிண்ட்ப்ளாம் சொன்ன கொஞ்சங்கொஞ்சமா மாத்துத முறையும் புரியும், கோர்ட்டு எப்படி கொள்கை போடுதுங்கதும் புரியும். பரீட்சைக்கு அப்புறமும் மறக்காது. ஏன்னா அந்தச் சாப்பாட்ட சாப்பிட்டு வளந்தவங்கதான் கிளாஸ்ல பாதிப்பேரு.

லிப்ஸ்கின்னு இன்னொரு அமெரிக்க அறிஞர் சொன்னதும் அப்படித்தான். மேல போடுத சட்டம் என்னவா இருந்தாலும், ஜனங்கள நேருக்கு நேரா பாக்கிற கடைசி ஊழியர் என்ன செய்யுதாரோ அதுதான் நிஜமான கொள்கைன்னு அவரு சொன்னாரு. தாமிரபரணியில மணல் அள்ளக் கூடாதுன்னு 2010ல மதுரை ஹைகோர்ட்டு தடை போட்டுச்சு. அந்தத் தடைய ஆத்தங்கரையில நின்னு காக்க வேண்டியது யாரு? விஏஓ, அதாவது கிராம நிர்வாக அலுவலர். 2023 ஏப்ரல்ல முறப்பநாட்டுல மணல் கடத்தல் மேல புகார் குடுத்த ஒரு விஏஓவ அவரு ஆபீஸ்லயே வச்சு வெட்டிக் கொன்னாங்க. கடைசி ஊழியர் ஏன் சில நேரம் கண்டுக்காம போறாரு, கண்டுக்கிட்டா அவருக்குப் பின்னால யாரு நிக்கா, இத விட பெருசா அந்தப் பாடத்துல என்ன இருக்கு? எங்க பேப்பர்ல இது ஒரு வரி கூட இல்ல.

இப்ப பீடிக்கு வாரேன், எனக்கு நல்லாத் தெரிஞ்சது அது.

எங்க வீட்டுல ராத்திரி இலைய நனைச்சு ஈரச் சாக்குல சுத்தி வச்சிருவாங்க. விடியக்காலம் அம்மா தகட்ட வச்சு அளவா வெட்டி அடுக்குவா, அதுக்கப்புறம் தட்ட மடியில வச்சிட்டா கையி நிக்காது, தூளப் பரத்தி சுத்தி நூலக் கட்டி முனைய மடக்கி, இருவத்தஞ்சு சேந்தா ஒரு கட்டு, ஆயிரம் சேந்தா கூலி. பீடிக் கடையில கொண்டு போட்டா நூல் லூசு, தூள் கம்மின்னு கொஞ்சத்தக் கழிச்சுப் போடுவாங்க, கழிச்சதுக்குக் கூலி கிடையாது. கடையில குடுக்கிற இலை சரியில்லன்னா ஆயிரம் தேறாது, கொறையத நாமளே வெளிய வாங்கிப் போட்டு கணக்க நேர் பண்ணணும்.

இது வெறும் எங்க வீட்டுக் கதைன்னு நினைச்சிராதீங்க. 1966ல பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்துச்சு, வீட்டுல இருந்து சுத்துதவங்களும் தொழிலாளிதான்னு அந்தச் சட்டம் ஒத்துக்கிட்டது. இந்த நாட்டுல வீட்டுல இருந்து வேல பாக்கிற பொம்பளைங்கள சட்டம் கண்ணத் தொறந்து பாத்த இடம் ரொம்பக் கொஞ்சம், அதுல இது ஒண்ணு. 1976ல நல நிதிச் சட்டம் வந்துச்சு, ஆயிரம் பீடிக்கு இம்புட்டுன்னு செஸ்ங்கிற தனி வரி வசூலிச்சு அதுல ஆஸ்பத்திரி, பிள்ளைங்களுக்கு ஸ்காலர்ஷிப், வீடு கட்ட உதவின்னு குடுத்தாங்க. எங்க முக்கூடல்ல இருக்க பீடித் தொழிலாளர் ஆஸ்பத்திரி அந்த வழியில வந்ததுதான். 2017ல ஜிஎஸ்டி வரும்போது அந்தத் தனி செஸ் நின்னுச்சு. இந்தப் பக்கம் பாத்தா 2003ல புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 2004ல இந்தியா ஏத்துக்கிட்ட உலக சுகாதார அமைப்போட புகையிலை ஒப்பந்தம், அந்த ஒப்பந்தத்தோட 17ஆவது பிரிவுல புகையிலைய நம்பி வாழுத தொழிலாளிகளுக்கு மாத்துத் தொழில் ஏற்பாடு பண்ணணும்னு இருக்கு.

ஆக ஒரு மந்திரிசபைக்குள்ளயே சுகாதாரத் துறை பீடிய ஒழிக்கணும்ங்கு, தொழிலாளர் துறை பீடி சுத்துதவள காப்பாத்தணும்ங்கு, நிதித் துறை வரி வேணும்ங்கு, மூணும் எங்க அம்மா மடியில இருக்க அந்த ஒரு தட்டு மேலதான் வந்து விழுது. பீடி உடம்புக்குக் கேடுங்கதுல எனக்கு ரெண்டாவது பேச்சு கிடையாது, தூளோட நெடியில வருசக்கணக்கா இருமிட்டு இருக்க ஆச்சியோட வளந்தவ நான். ஆனா மாத்துத் தொழில்ங்கது காகிதத்துல இருக்கே தவிர எங்க தெருவுக்கு வரல. இது ஏன்னு கேக்கதுதான் பொதுக் கொள்கை. முதலாளி யாரு, வியாபாரி யாரு, ஓட்டு யாருகிட்ட இருக்கு, பொம்பளைக்கு வீட்ட விட்டு வெளிய போவ முடியாம பண்ணுதது எது, இதையெல்லாம் போட்டு அலசுனா ஒரு செமஸ்டர் பத்தாது.

இன்னொண்ணு, ஆச்சி ஆயுசு முழுக்க பீடி சுத்துனவ, ஆனா அவ பேர்ல பீடிக் கடைக் கணக்கு எழுதுத பாஸ்புக் கிடையாது, அடுத்தவ பாஸ்புக்ல சுத்திக் குடுத்தே காலம் போயிருச்சு. அதனால பிஎஃபும் இல்ல, பென்ஷனும் இல்ல. ‘எக்ஸ்க்ளூஷன் எரர்’னு புத்தகத்துல ஒரு வரையறை இருக்கு, சேர வேண்டியவங்க பட்டியல்ல சேராம விட்டுப்போறது. அந்த வரையறைய நான் எங்க கிளாஸ்ல எழுந்து நின்னு எங்க ஆச்சிய வச்சு விளக்குனப்ப, பின்னால பெஞ்சுல எப்பவும் பேசாத பிள்ளை ஒருத்தி, மேலப்பாளையத்துக்காரி, எங்க வீட்டுலயும் இப்படித்தான்னு சொல்லி எந்திரிச்சா. அன்னைக்கு பெல் அடிச்சும் யாரும் போகல. சொல்லிக்குடுத்த மேடமே, அடுத்த வாரம் இதையே பேசுவோம் ஆனா சிலபஸ் முடிக்கணுமேன்னு வருத்தப்பட்டாங்க. அந்த வருத்தம் அவங்களுக்கு வரக் கூடாதுன்னுதான் கேக்கேன், சிலபஸே அதுவா இருக்கட்டும்.

அடுத்தது ஆறு. பொது வளத்த ஊர்க்காரங்களே கூடி நிர்வாகம் பண்ண முடியும்னு சொல்லி 2009ல நோபல் வாங்குன எலினோர் ஆஸ்ட்ரமப் படிக்கோம், அவங்க நேபாளத்துக் கால்வாயும் ஸ்பெயின் நாட்டுக் கால்வாயும் பாத்திருக்காங்க, சந்தோசம். எங்க காலேஜ் வாசல்ல இருந்து பஸ் ஏறுனா கன்னடியன் கால்வாயும் கோடகன் கால்வாயும் பாளையங்கால்வாயும் வந்துரும். தாமிரபரணியில எட்டு அணைக்கட்டு, கடைசி ஸ்ரீவைகுண்டம். கார் சாகுபடிக்கு ஜூன் மாசப் பிறப்புல பாபநாசத்துல தண்ணி திறக்கது வழக்கம், அதுக்கடுத்த நெல் சாகுபடி பிசானம். திறந்த தண்ணி கடைமடைக் குளத்துக்கு என்னைக்குப் போய்ச் சேருது, மேல்மடைக்காரன் எவ்வளவு எடுக்கான், தொழிற்சாலைக்கும் குடிதண்ணிக்கும் போறது போவ விவசாயத்துக்கு என்ன மிஞ்சுது, மடையத் திறக்கிறது யாரு சொல்லி நடக்கு, இத ஒரு பேட்ச் எழுதி வைக்கட்டும். அடுத்த வருசம் வர்ற பேட்ச் அதே கடைமடைக்குப் போய் அதே கேள்வியக் கேக்கட்டும். பத்து பேட்ச் போனா நம்ம லைப்ரரியில இருக்கிற கணக்கு மாதிரி ஒண்ணு சென்னையில தேடுனாலும் கிடைக்காது. இப்ப என்ன நடக்கு? ஒவ்வொரு வருசமும் ஒவ்வொருத்தரும் புதுசா ஒரு தலைப்பு எடுத்து, ரெக்ஸின் அட்டை போட்டு பைண்ட் பண்ணி வைவா முடிஞ்சதும் அலமாரியில வச்சுப் பூட்டிருதோம். முந்தின வருசம் படிச்ச அக்கா என்ன கண்டுபிடிச்சான்னு எனக்குத் தெரியாது, நான் என்ன கண்டுபிடிச்சேன்னு அடுத்த வருசம் வர்றவளுக்குத் தெரியப் போறது இல்ல. இத்தன பிள்ளைங்களோட உழைப்பு இப்படித் துண்டு துண்டா போறதப் பாக்கத்தான் எனக்கு ரொம்ப வேதனையா இருக்கு.

தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்புன்னு வெள்ள நீர்க் கால்வாய் வெட்டுனாங்களே, அது 2009ல 369 கோடின்னு ஆரம்பிச்சது, 2025ல திறக்கும்போது ஆயிரம் கோடியத் தாண்டிருச்சு. நடுவுல ஆட்சி மாறிச்சு, 2013ல நிலம் எடுக்குத சட்டமே புதுசா வந்துச்சு, விலைவாசி ஏறிச்சு. இதுல எதெது எவ்வளவு செலவையும் எத்தன வருசத்தையும் கூட்டுச்சுன்னு நாலு பிள்ளைங்க உக்காந்து அரசாணை அரசாணையா பிரிச்சா, ‘இம்ப்ளிமென்டேஷன்’ யூனிட்டுக்கு வேற என்ன வேணும்? 2023 டிசம்பர் 17, 18ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கிட்ட மழை கொட்டுச்சு, ஸ்ரீவைகுண்டத்துல ரயிலோட எண்ணூறு பேர் மாட்டிக்கிட்டாங்க, திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு தண்ணிக்குள்ள கிடந்துச்சு. அதுக்கப்புறம் வந்த செமஸ்டர்ல பேரிடர் மேலாண்மைன்னு ஒரு யூனிட், அதுல அமெரிக்காவுல அடிச்ச கேத்ரினா புயல் இருந்துச்சு. எங்க ஆறு இல்ல.

பாசை விஷயத்துக்கு வாரேன், இதுலதான் உங்க கிட்ட நேரடியா ஒரு முடிவு வேணும். என் ப்ராஜெக்ட்ட தமிழ்ல எழுதுதேன்னு கேட்டப்ப விதியில இடமில்லன்னு சொல்லிட்டாங்க, சொன்னவங்க மேல எனக்குக் கோவம் இல்ல, அவங்க கையில அது இல்ல. ஆனா 1956லயே தமிழ ஆட்சிமொழியாக்கி சட்டம் போட்ட மாநிலம் இது. தாலுகா ஆபீஸ் ஃபைல் தமிழ்ல இருக்கு, ஊராட்சித் தீர்மானம் தமிழ்ல இருக்கு. தமிழ் மீடியத்துல படிச்சவங்களுக்கு அரசு வேலையில 20 சதவீதம் முன்னுரிமைன்னு 2010ல சட்டமே வந்துச்சு. அப்படி இருக்கும்போது அந்த அரசாங்கத்தப் பத்திப் படிக்கிற படிப்பு மட்டும் ஏன் இங்கிலீஷ்ல மட்டும் இருக்கணும்? இங்கிலீஷ் வேண்டாம்னு சொல்லல. நல்லா வேணும், உலகத்துல என்ன எழுதுதாங்கன்னு வாசிக்க வேணும். நான் கவலப்படுதது வேற. நான் பீடித் தொழிலாளியப் பத்தி இங்கிலீஷ்ல ஒரு தப்பு எழுதுனா என் கைடு கண்டுபிடிக்க மாட்டாரு, எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கண்டுபிடிக்க மாட்டாரு. தமிழ்ல எழுதிப் படிச்சுக் காட்டுனா எங்க தெருவுல யாராவது ஒரு சித்தி ஒரு நிமிசத்துல, இது தப்பு மக்களே கூலி அப்படிக் கணக்குப் பண்ண மாட்டாங்கன்னு சொல்லிருவா. யாரப் பத்தி எழுதுதோமோ அவங்க வாசிச்சுத் திருத்த முடியாத ஆராய்ச்சிய நான் எழுத விரும்பல சார்.

கிராம சபைக்கு எங்கள அனுப்புங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1னு வருசத்துக்கு ஆறு தடவ நடக்கு. 3000க்கு மேல 10000 வரைக்கும் ஜனத்தொகை உள்ள ஊராட்சின்னா 200 பேர் இருந்தாத்தான் கூட்டம் செல்லும். எங்க ஊர்ப் பக்கம் ஒரு கூட்டத்துக்கு நானாப் போய் உக்காந்தேன். சாமியானாவுக்குக் கீழ கொஞ்சம் பேரு, கையெழுத்து நோட்டு மட்டும் தெருத் தெருவா போயிட்டு வந்துச்சு. பீடி சுத்துத பொம்பளைங்க வரல, மறுநாள் கடையில கணக்குக் குடுக்கணும்ல, லீவு நாளுலதான் விட்டுப்போனத சுத்தி முடிக்க முடியும். பங்கேற்புன்னு பக்கம் பக்கமா படிக்கோம், பங்கேற்க நேரம் யாருகிட்ட இருக்குங்கத அந்தச் சாமியானாவுக்குக் கீழதான் நான் படிச்சேன். இதுக்கு இன்டர்னல் மார்க் குடுங்க, அட்டெண்டன்ஸ் குடுங்க, பிள்ளைங்க போவாங்க.

தகவல் உரிமைச் சட்டத்தையும் அப்படித்தான், 2005, பத்து ரூவா, 30 நாள்னு ரெண்டு மார்க் கேள்வியா படிக்கோம். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு மனுவாவது போட்டு, வந்த பதில, வராமப் போன பதில, மேல்முறையீட்ட எல்லாம் சேத்து ஒரு ஃபைலா குடுக்கணும்னு வைங்க. நான் ஒரு ஆபீஸ்ல ஒரு பட்டியல் கேட்டேன், நேர்ல போனப்ப எந்தக் கட்சிப் பொண்ணுன்னு கேட்டாங்க. படிக்கிற பிள்ளைன்னு சொன்னா நம்பல. யூனிவர்சிட்டி லெட்டர்பேட்ல ஒரு கடிதம் கையில இருந்திருந்தா அந்தக் கேள்வி வந்திருக்காது. உங்களால குடுக்க முடிஞ்ச ரொம்பச் சின்ன விஷயம் அது.

கோச்சிங் சென்டருக்குப் போற பாதி வழிதான் இந்த டிகிரின்னு ஒரு பேச்சு இருக்கு, குரூப் ஒன்னுக்கும் யுபிஎஸ்சிக்கும் உதவும்னு சேத்து விடுதாங்க. நல்ல காரியம்தான், என் ஃபிரெண்ட்ஸ் நிறைய பேர் அப்படி வந்தவங்க. ஆனா அதுக்காக மட்டும் சிலபஸ் எழுதிராதீங்க. பெங்களூரு சட்டப் பல்கலைக்கழகத்துல 2014ல இருந்து பொதுக் கொள்கைக்குன்னு மாஸ்டர்ஸ் இருக்கு, டெல்லி பக்கம் தனியார் இடங்கள் இருக்கு, லட்சக்கணக்குல ஃபீஸ், எங்க வீட்டுல நினைச்சுப் பாக்க முடியாது. தமிழ்நாடு அரசே 2022ல முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம்னு ஆரம்பிச்சு, படிச்ச இளவட்டங்கள ஆட்சி வேலைக்குள்ள கொண்டு வருது. அந்த நாற்காலிக்கு நம்ம ஜில்லாப் பிள்ளைங்க போவணும்னா, எங்க ஊரப் பத்தி எங்களுக்குத் தெரிஞ்சத மதிப்பா எடுத்துப் பேச எங்களுக்குப் பழக்கம் வேணும். அத எங்க காலேஜ்தான குடுக்கணும், வேற யாரு குடுப்பா?

அடுத்த தடவ நீங்க கூடும்போது, ஜில்லாவ வச்சு ஒரு கட்டாயப் பேப்பர், ப்ராஜெக்ட்ட தமிழ்லயும் எழுதலாம்னு விதியில ஒரு வரி, பழைய ப்ராஜெக்ட்ட எல்லாம் ஸ்கேன் பண்ணி எல்லாரும் வாசிக்கிற மாதிரி லைப்ரரியில வைக்கிற ஏற்பாடு, இத அஜெண்டாவுல போடுங்க. மாணவர் பிரதிநிதின்னு ஒருத்தரக் கூப்பிடுங்க, எங்க பேட்ச்ல வர்றதுக்கு ஆள் இருக்கு. கேஸ் மெட்டீரியல் இல்லைன்னு யாராவது சொன்னா, பீடிச் சட்டத்துல இருந்து வெள்ள நீர்க் கால்வாய் வரைக்கும் நாங்க சேத்து வச்சிருக்க அரசாணையும் தீர்ப்பும் ரெண்டு பாக்ஸ் ஃபைல் நிறைய இருக்கு, கொண்டாந்து தாரோம். விடுமுறையில தமிழ்ல ரீடிங் மெட்டீரியல் தயார் பண்ணணும்னாலும் நாங்க உக்காந்து பண்ணுதோம், எங்களுக்கு அதுக்கு மார்க் கூட வேண்டாம், எங்க பேட்ச் முடிஞ்சிரும், அடுத்து வர்ற பிள்ளைங்களுக்குத்தான்.

இப்படிக்கு,
எம்.ஏ. ரெண்டாம் வருச மாணவி,
முக்கூடல் பக்கம்.